முடித்தேன் என்கிறீர்கள்!

கேள்வி: 'லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' வரிசையில் வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' வீடியோ கேமை 140 மணி நேரத்தில் ஆடி முடித்தேன். முந்தைய ஆட்டத்தின் வரைபடத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பது என் விமர்சனம். சினிமாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் உங்கள் இதழ், இதற்கு அரைப் பக்கம் தரக்கூடாதா?
– வாசகர், புளியரை

பதில்: 'முடித்தேன்' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். எதை முடித்தீர்கள்? கானன்டார்ஃப் என்கிற கடைசி வில்லனைக் கொன்றதைச் சொல்கிறீர்களா? அந்த ஆட்டத்தில் ஷ்ரைன் என்னும் புதிர்க் கோயில்கள் மட்டும் 152. கோரோக் என்னும் இலைமுகக் குட்டிப் பூதங்கள் மூலைமுடுக்கெல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றிடம் வாங்க வேண்டிய விதைகள் 1000. அத்தனையும் வாங்கிவிட்டீர்களா?

இவனுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று யோசிக்க வேண்டாம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் போன சாரலுக்கு வந்தான். குற்றாலம் கூப்பிடு தூரம். அருவிப் பக்கமே போகாமல் பத்து நாள் ஸ்விட்ச் என்கிற ஆட்டக் கருவியைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் இருந்தான். பக்கத்தில் நான் ப்ரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த மாத இதழில் பிழை மலிந்து கிடக்கிறது என்று கடிதம் போட்ட பதினோரு பேருக்கும் இதுவே விளக்கம்.

விதைக்கு வருகிறேன். 2017இல் வந்த முந்தைய ஆட்டமான 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்'டில் விதைகள் 900. அத்தனையும் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஹெஸ்டு என்கிற பெரிய பூதம் ஒரு பரிசு தரும். தங்க நிறம். கீழே அகன்று, சுருண்டு சுருண்டு மேலே கூம்பியிருக்கும். ஆமாம், நீங்கள் நினைப்பதேதான். நாற்றமடிக்கும் என்று குறிப்பு வேறு. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது; கேட்டால் ஹெஸ்டு ஆடிக் காட்டும், அவ்வளவுதான். இதைத் தங்கை மகன் சொன்ன நாளிலிருந்து ஜப்பான்காரர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

நம் ஊரில் இதற்குப் பொன்னாடை என்று பெயர். பொன்னும் இல்லை, ஆடையும் இல்லை. இருபது வருஷமாக இந்தப் பக்கத்தில் நான் சொல்லி அலுத்த விஷயம்தான், இன்னொரு தடவை சொல்கிறேன். என் பீரோவில் நாற்பத்தாறு கிடக்கின்றன. தலை துவட்டலாம் என்றால் தண்ணீரை உறிஞ்சாது. ஒரு விழாவில் எனக்குப் போர்த்தியதை நான் மேடைப்படி இறங்குவதற்குள் உருவி அடுத்தவருக்குப் போர்த்தினார்கள். அதை எழுதியதற்காக அந்த அமைப்பின் செயலாளர் இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் மருந்துக்கடைக்குள் நுழைந்துவிடுகிறார். மனிதருக்கு ஒரு நோயும் கிடையாது.

சரி, உங்கள் விமர்சனம். பழைய வரைபடம் என்கிறீர்கள். வேறு யார் சொன்னாலும் விட்டுவிடுவேன்; கேரள எல்லையில் இருக்கும் புளியரைக்காரர் சொல்லலாமா? 1956 அக்டோபர் 31 ராத்திரி திருவிதாங்கூர்–கொச்சியில் படுத்த உங்கள் தாத்தா, நவம்பர் 1 காலையில் சென்னை ராஜ்யத்தில் கண் விழித்தார். மலை அதே மலை. சாரலும் அதே சாரல். செங்கோட்டை வளைவின் உச்சியில் இருந்த திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரையை யாரும் பெயர்த்தெடுக்கவில்லை, இன்றும் இருக்கிறது. ஆனால் மனு கொடுக்கப் போகும் ஊர் மாறிவிட்டது, காலாகாலமாகப் போய்வந்துகொண்டிருந்த ஆரியங்காவு வெளிமாநிலமாகிவிட்டது. அதே வரைபடம்தானே என்று உங்கள் தாத்தா சும்மா இருந்தாரா?

'டியர்ஸ்' செய்திருப்பதும் ஏறக்குறைய அதுதான். ஹைரூல் அதே நாடு. அதற்கு மேலே வானத்தில் தீவுகளை மிதக்கவிட்டார்கள், அடியில் விளக்கில்லாமல் நடக்க முடியாத ஓர் இருட்டு உலகத்தைத் தோண்டிவைத்தார்கள். தெரிந்த மேடுதானே என்று போனால் பக்கவாட்டில் குகை வாய் திறந்திருக்கிறது. தெரியாத காட்டில் வழி தவறுவது பெரிய காரியமில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோப்பில் வழி தவற வேண்டும், அதுதான் பயம். 1986இல் இந்த வரிசையைத் தொடங்கிய மியாமோட்டோவே, கியோட்டோவுக்குப் பக்கத்தில் சொனோபே என்கிற ஊரில் சின்னப் பையனாக மலையும் குகையுமாகச் சுற்றியதிலிருந்துதான் இது பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். அவரைப் புளியரையில் விட்டிருந்தால் இன்னும் நாலு குகை சேர்த்திருப்பார்.

மழை பெய்தால் பாறை வழுக்குகிறது, ஏற முடியவில்லை என்று 2017இலிருந்து உலகம் பூராவும் இந்த ஆட்டங்களின் மேல் ஒரு புகார் உண்டு. ஆனி, ஆடியில் நம் பக்கத்துப் பாறையில் ஒரு தடவை காலை வைத்துப் பார்த்தவர் இதைக் குறை என்று எழுத மாட்டார்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, நாயகனை ஜெல்டா என்று நீங்கள் எழுதாதது. வாளெடுத்து ஓடுகிறவன் லிங்க்; ஜெல்டா இளவரசி. பெயர்ப்பலகையில் அவள் பெயர், பாடுபடுகிறவன் இவன். முதன்மை வரிசையில் அவளே நாயகியாக இறங்குவதற்கு 2024இல் 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' வர வேண்டியிருந்தது. பெயர்க் குழப்பத்தின் வலி செங்கோட்டைக்காரனுக்குத் தெரியும். சென்னையில் ஊர் பெயரைச் சொன்னால், "டெல்லியிலிருந்தா வருகிறீர்கள்? ஆகஸ்ட் 15க்குக் கூட்டம் அதிகமோ?" என்கிறார்கள். ஆமாம், கொடி கட்டும் கயிறு எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

சினிமாவுக்குப் பக்கம் கொடுப்பதைக் குத்திக்காட்டியிருக்கிறீர்கள். எங்கள் சினிமா விமர்சகர் இடைவேளையில் பஜ்ஜி வாங்க வெளியே போனவர் மறுபடி உள்ளே வந்ததற்குச் சாட்சி கிடையாது. அப்படியும் ஒரு பக்கம் எழுதிவிடுகிறார், ஏனென்றால் முக்கால் பக்கம் கதைச்சுருக்கம். உங்கள் ஆட்டத்தில் அந்த வித்தை பலிக்காது. கதை என்று பார்த்தால் இளவரசியைக் காணோம், தேடு, ராட்சசனைக் கொல்லு, நாலு வரி. மீதி 139 மணி நேரமும் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்பதுதான்.

எனவே அரைப் பக்கம் தருகிறேன், ஆனால் கதை சொல்லக் கூடாது. மதிப்பெண் போடக் கூடாது. முடித்தேன் என்ற சொல்லே வரக் கூடாது. 1904இல் போட்ட மலைப்பாதை ரயிலில் செங்கோட்டையில் ஏறித் தூங்கிவிட்டுப் புனலூரில் இறங்கியவரும் பயணத்தை முடித்தவர்தான்; வழியில் வரும் பதிமூன்று கண் பாலத்தைப் பற்றி அவரிடம் கேட்டால் என்ன சொல்வார்? நீங்கள் வழி தெரியாமல் முழித்த ஓர் இடம், அங்கே என்ன செய்தீர்கள், அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

சன்மானம் 300 ரூபாய். மணிக்கு இரண்டு ரூபாய்க்கு மேலேயே விழுகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆசைப்பட்டால் பீரோவிலிருந்து ஒரு பொன்னாடையும் தருகிறேன். ஹெஸ்டு கொடுத்ததைவிட வாசனை தேவலை. அந்துருண்டை போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.