ஊர் டீலர் கடையை மூடிவிட்டார், டிராக்டருக்கு இனி யார் பொறுப்பு?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டிராக்டரைப் பற்றி. சின்ன ஊர்களில் இருந்த டீலர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிவிட்டு, அவர்கள் ஏரியா மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு பெரிய டீலரின் கைக்குப் போவதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற விஷயம். அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். போன வருடம் 45 ஹெச்பி டிராக்டர் எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து வாங்கினேன். விற்ற டீலர் தை மாதத்தோடு கடையை மூடிவிட்டார், ஏரியாவை தஞ்சாவூர் டீலருக்குக் கொடுத்துவிட்டார்களாம். முன்பெல்லாம் ஒரு போன் போட்டால் மெக்கானிக் பைக்கில் வயலுக்கே வந்துவிடுவார். இப்போது கலப்பையை ஹைட்ராலிக் தூக்கவில்லை என்று சொல்லிப் பத்து நாளாகிறது. "நீங்க எங்ககிட்ட வாங்கலையே, எங்க கஸ்டமர் வண்டியெல்லாம் முடிச்சுட்டு வர்றோம்" என்கிறார்கள். இன்னும் இரண்டு இலவச சர்வீஸ் பாக்கி இருக்கிறது. பழைய டீலர் கையை விரிக்கிறார். நான் யாரைப் பிடிப்பது?

பதில்: கம்பெனியைப் பிடியுங்கள். இரண்டு டீலருக்கும் நடுவில் நீங்கள் அலைய வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வாரன்டி புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், அதில் வாரன்டி கொடுப்பதாகப் போட்டிருப்பது தயாரித்த கம்பெனியின் பெயராகத்தான் இருக்கும். டீலர் மாறினால், கடை கைமாறினால், வாரன்டி செத்துப்போகாது. இலவச சர்வீஸும் அப்படித்தான். அதில் கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலும் ஃபில்டரும் உங்கள் செலவு. அந்தக் கூலியையும் டீலர் பொதுவாகக் கூப்பனைக் காட்டிக் கம்பெனியிடமே வாங்கிக்கொள்கிறார். ஆகவே "எங்ககிட்ட வாங்கலையே" என்பது பேச்சுக்குச் சொல்கிற சாக்கு. உண்மைக் காரணம் வேறு: மூன்று ஊர் வண்டிகளைக் கையில் வாங்கியவர் அதற்குத் தக்கபடி மெக்கானிக்குகளைச் சேர்க்கவில்லை, இருக்கிற நாலு பேரை வைத்துக்கொண்டு அடுத்த வண்டி வாங்கக்கூடிய ஆளை முதலில் கவனிக்கிறார்.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஹைட்ராலிக் தூக்காமல் போவதற்குப் பல நேரம் ஆயில் அளவு குறைந்ததோ, ஃபில்டர் அடைத்துக்கொண்டதோ காரணமாக இருக்கும். ஆயில் அளவை நீங்களே பார்த்துவிடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதற்கு மேல் திறக்காதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியது: கம்பெனியின் இலவச அழைப்பு எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். போனில் சொன்னதோடு விடாமல் அதையே எழுதி, கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒன்று, தஞ்சாவூர் டீலருக்கு ஒன்று அனுப்புங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண், வாங்கிய தேதி, இன்றைக்கு மீட்டரில் எத்தனை மணி ஓடியிருக்கிறது, முதன்முதலில் எப்போது சொன்னீர்கள், அதற்கு அவர்கள் என்ன பதில் சொன்னார்கள், எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு வாரத்துக்குள் சரி செய்து தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று ஒரு வரி சேருங்கள். மீட்டரை இன்றைய தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள், நாளைக்கு "வாரன்டி மணி தாண்டிய பிறகுதான் சொன்னார்" என்று யாரும் பேச முடியாது. வாரன்டிக்கு வருடக் கணக்கும் உண்டு, மணிக் கணக்கும் உண்டு, எது முதலில் முடிகிறதோ அதோடு சரி. நம்மில் பல பேர் வருடத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்போம்.

அதற்கும் அசையவில்லையா, 1915க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் புகாரைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குத் தள்ளிவிடுவார்கள். தஞ்சாவூரில் கேட்காத காது அங்கே கேட்கும்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருடச் சட்டம் வந்த பிறகு இதில் ஒரு பெரிய வசதி: நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். டீலர் தஞ்சாவூரில் இருக்கட்டும், கம்பெனி சென்னையிலோ புனேயிலோ இருக்கட்டும், உங்கள் வழக்கு திருவாரூரில். டீலர்கள் தூரப் போய்க்கொண்டிருக்கும் இந்த நாளில் இந்த ஒரு பிரிவு மட்டும் இல்லாவிட்டால் நம் பாடு திண்டாட்டம்தான். கட்டணம் நீங்கள் கொடுத்த விலையைப் பொறுத்தது. 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 5லிருந்து 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று கிடையாது. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். கம்பெனியை முதல் எதிர்தரப்பாகவும், இரண்டு டீலர்களையும் அடுத்தடுத்தும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டுவார்.

"விவசாயம் தொழில்தானே, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்தரப்பு வாதாடினால் பயப்படாதீர்கள். விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012லேயே தேசிய விதைக் கழக வழக்கில் சொல்லிவிட்டது. சொந்தப் பிழைப்புக்காக ஒருவர் தானே வைத்து உழைக்கும் பொருள் வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நாலைந்து டிராக்டர், டிரைவர் போட்டு வாடகைக்கு விடுபவர் என்றால் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் வலு வரும், ஒரே வண்டிக்காரருக்கு இல்லை.

வண்டி நிற்கும் நாட்களில் வேறு டிராக்டர் வைத்து உழவு ஓட்டினால் அந்த வாடகைக்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள், நஷ்டஈடு கேட்கும்போது அதுதான் கணக்கு. மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் நேரத்தில் எல்லா வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும், கூலிக்குக் கிடைப்பது கஷ்டம். வேளாண் பொறியியல் துறையின் வண்டிகளை உழவன் செயலியில் இ-வாடகை வழியாகக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பழைய டீலரை முழுக்கக் கைகழுவ வேண்டாம். ஒரிஜினல் பில், இதுவரை செய்த சர்வீஸ்களின் ஜாப் கார்டு (பார்த்த வேலையை எழுதும் சீட்டு) நகல், கடன் அவர் மூலம் ஏற்பாடு ஆகியிருந்தால் அந்தக் காகிதங்கள், எல்லாவற்றையும் அவருடைய அலமாரி எடைக்குப் போவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கோபிசெட்டிபாளையம். டீலர் சர்வீஸ் சென்டர் தூரமாகிவிட்டது. எங்கள் ஊரில் இருபது வருடமாக டிராக்டர் பார்க்கும் மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் ஆயில் மாற்றினால் வாரன்டி போய்விடும் என்று டீலர் மிரட்டுகிறார். நிஜமா?

பதில்: பாதி நிஜம். கம்பெனி சொன்ன கெடுவில் சர்வீஸ் நடக்கவில்லை என்றாலோ, வெளி மெக்கானிக் பிரித்த அதே இடத்தில் கோளாறு வந்தாலோ வாரன்டியை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். எஞ்சின் ஆயிலை வெளியே மாற்றினார் என்பதற்காக ஸ்டியரிங்குக்கு வாரன்டி இல்லை என்று சொல்வது அடாவடி.

கார் விஷயத்தில் இது பெரிய வழக்காகவே வந்தது. ஸ்பேர்ஸையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளியே வேலை பார்த்தாலே வாரன்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய் அது நீண்டுகொண்டே போனது, தவிர அது கார்களைப் பற்றியது. இருந்தாலும் டிராக்டர்காரர்களிடம் எடுத்துப் பேச நல்ல ஆயுதம். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அதுவே சட்டம் ஆகிவிடாது, உங்கள் கம்பெனியின் சர்வீஸ் விவரங்கள் அங்கே இருக்கிறதா என்று பார்க்க உதவும்.

என் யோசனை இதுதான். வாரன்டி முடியும்வரை கெடு சர்வீஸ்களை, எரிச்சலாக இருந்தாலும், டீலரிடமே செய்யுங்கள், ஜாப் கார்டில் மணிக் கணக்கு எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கம்பெனி வேன் ஊருக்கு வந்து கேம்ப் போடும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு பக்கத்து வண்டிக்காரர்களோடு சேர்ந்து போனால் தூரப் பிரச்சினை பாதி தீரும். நாலு பேர் சேர்ந்து கேட்டால் கேம்பே உங்கள் ஊருக்கு வரும். வாரன்டி முடிந்த மறுநாள் உங்கள் மெக்கானிக்கிடம் போங்கள், அவருடைய இருபது வருடத்துக்கு எந்த சர்வீஸ் சென்டரும் ஈடு இல்லை.

கேள்வி: திண்டிவனம். புது டிராக்டர் வாங்கப் போகிறேன். முன்பு மூன்று கம்பெனி ஷோரூமில் கொட்டேஷன் வாங்கி ஒன்றைக் காட்டி இன்னொன்றில் விலை குறைப்போம். இப்போது விசாரித்தால் இரண்டு ஷோரூமுக்கு முதலாளி ஒரே குடும்பம். எப்படி பேரம் பேசுவது?

பதில்: முதலில், யார் யாரோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர்ப் பலகை நாலு இருக்கும், முதலாளி இரண்டு பேராக இருப்பார்கள். கம்பெனி மட்டத்திலேயே அப்படித்தான். மாஸி பெர்குசன் விற்கும் டாஃபே 2005இல் ஐச்சர் டிராக்டரை வாங்கியது. ஸ்வராஜ் 2007இல் மஹிந்திராவின் கைக்கு வந்தது, இன்றைக்கு நாட்டில் விற்கும் பத்து டிராக்டரில் நாலுக்கு மேல் இந்த இரண்டு பெயரில்தான். பார்ம்டிராக், பவர்டிராக் விற்ற எஸ்கார்ட்ஸ் 2022இல் எஸ்கார்ட்ஸ் குபோட்டா ஆனது. கம்பெனி சேர்ந்ததால் ஷோரூம்களும் சேர்ந்துவிட்டன என்று அர்த்தமில்லை, ஸ்வராஜுக்குத் தனி டீலர் உண்டு. ஆனால் உள்ளூரில் ஒரே குடும்பம் இரண்டு பலகையை வைத்திருந்தால் அந்த இரண்டு கொட்டேஷனும் உங்களுக்கு ஒரு கொட்டேஷன்தான்.

நிஜமான போட்டி ஒரே கம்பெனியின் இரண்டு டீலர்களுக்கு நடுவில் இருந்தது. அதே வண்டி, அதே மாடல், பக்கத்து ஊரில் பத்தாயிரம் குறைவு என்றால் பேச வேறு என்ன வேண்டும்? டீலர்கள் ஒன்றாகும்போது முதலில் போவது அதுதான். எனவே பக்கத்து மாவட்டத்து டீலரிடமும் கேளுங்கள், புதுச்சேரியையும் சேர்த்து. "அவுட் ஏரியா, தர மாட்டோம்" என்பார்கள் சிலர், விலையையாவது வாயால் சொல்வார்கள். அங்கேயே வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கே வாங்கிய வண்டிக்கு இங்கே சர்வீஸ் முகம் சுளித்துக்கொண்டுதான் நடக்கும், மன்னார்குடிக்காரர் கதை மேலே இருக்கிறது.

விலையில் இறங்க மறுத்தால் வேறு இடத்தில் இறக்குங்கள். டீலர் காட்டும் பைனான்ஸ்தான் என்று இல்லை, உங்கள் கூட்டுறவு வங்கியிலும் தேசிய வங்கியிலும் வட்டி கேளுங்கள். இன்சூரன்ஸை வெளியே போடலாம். ஹூக், பம்பர், டாப் லிங்க், கேஜ் வீல் என்று தனித்தனியாக விலை போடும் சாமான்களில்தான் ஷோரூமுக்கு நல்ல லாபம், அதில் ஒன்றிரண்டு சும்மா வாங்கலாம். ஆயிரம் ரூபாய் தள்ளுபடியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று: கொட்டேஷனிலேயே "வண்டி நின்றால் இத்தனை நாளுக்குள் மெக்கானிக் வருவார்" என்று எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். ஆனாலும் கேளுங்கள், விற்கும்வரைதான் அவர்கள் எதையும் எழுதித் தருவார்கள்.

இன்னொன்று. ஷோரூமில் உட்காராமல் பின்பக்கம் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு நடை போங்கள். எத்தனை வண்டி பிரித்தபடி நிற்கிறது, அதில் தூசி படிந்தது எத்தனை, ஸ்பேர்ஸ் கவுன்ட்டரில் உங்கள் மாடலுக்கு கிளட்ச் பிளேட் கேட்டால் எடுத்து வைக்கிறாரா, "ஆர்டர் போடணும்" என்கிறாரா. அங்கே வேலைக்காகக் காத்திருக்கும் விவசாயியிடம் ஒரு டீ சாப்பிட்டால் விளம்பரத்தில் இல்லாதது எல்லாம் தெரிந்துவிடும்.

கேள்வி: அமெரிக்காவில் விவசாயிகள் தங்கள் டிராக்டர் சாப்ட்வேரையே திருட்டுத்தனமாக உடைத்துப் பழுது பார்க்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அந்த நிலைமை நமக்கும் வருமா?

பதில்: அங்கே சின்ன டீலர்கள் போய், ஒரே நிறுவனம் பல மாநிலங்களில் கிளை வைத்து நடத்துவது எப்போதோ வந்துவிட்டது. வடக்கு டகோட்டாவில் 1980இல் தொடங்கிய டைட்டன் மெஷினரி என்ற டீலர் நிறுவனம் 2007இல் பங்குச் சந்தைக்கே வந்தது. இதோடு கம்ப்யூட்டரும் சேர்ந்ததுதான் தொல்லை. ஜான் டீர் வண்டியில் சில கோளாறுகளை முழுதாகச் சரி செய்ய வேண்டிய சாப்ட்வேர் அங்கீகரித்த டீலரிடம் மட்டும்தான் இருக்கிறது, அதனால் பழுதுவேலையில் போட்டியே இல்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையமும் இல்லினாய், மினசோட்டா மாநிலங்களும் 2025 ஜனவரியில் வழக்குப் போட்டன. கொலராடோ அதற்கு முன்பே சட்டம் கொண்டுவந்தது, 2024 ஜனவரியிலிருந்து கருவிகளையும் கையேடுகளையும் விவசாயிகளுக்குக் கம்பெனி தந்தாக வேண்டும்.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்கள் ஸ்பேனரால் திறக்கக்கூடியவை, அந்த மட்டில் தப்பித்தோம். 50 ஹெச்பிக்கு மேற்பட்ட புது மாடல்களில் டீசலைச் செலுத்த எலக்ட்ரானிக் பம்ப் வருகிறது, அறுவடை இயந்திரங்களிலும் சென்சார் கூடிக்கொண்டே போகிறது. அந்த மாதிரி வண்டி எடுப்பவர்கள் கோளாறு பார்க்கும் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கேள்வி: பழைய டீலர் போட்ட பில்லில் ஸ்பேர்ஸுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. புது டீலர் ஒன்றுக்கு 5, ஒன்றுக்கு 18 போடுகிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லாமல் இருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12லிருந்து 5 ஆனது. டிராக்டர் டயர், டியூப், கிளட்ச், கியர் பாக்ஸ், ரேடியேட்டர் போன்ற பாகங்களுக்கு 18லிருந்து 5. எஞ்சின் ஆயிலுக்கு இன்னும் 18தான். எந்த வரியில் 18 போட்டிருக்கிறது என்று பாருங்கள். டிராக்டர் டயருக்கோ கிளட்சுக்கோ 18 என்றால் பில்லோடு போய்க் கேளுங்கள், பில் தராமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.