கார்க்காரருக்கும் டெரிக்காரருக்கும் என்ன சண்டை?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, டப்ளினில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மதுரை. எங்கள் டீம் லீட் அயர்லாந்தின் தெற்கே உள்ள கார்க் ஊர்க்காரர். சீனியர் இன்ஜினியர் ஒருவர் டெரிக்காரர், அது பிரிட்டனின் கீழ் இருக்கும் வட அயர்லாந்தில் இருக்கிறது. இருவரும் கத்தோலிக்கர், இருவரிடமும் ஐரிஷ் பாஸ்போர்ட். போன மாதம் கேண்டீன் டிவியில், வடக்கில் ஏதோ கலவரம் என்று செய்தி ஓடியது. "உங்க நாட்டுல இது ஓயவே ஓயாது போல" என்று டீம் லீட் சிரித்தபடி சொன்னார். டெரிக்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க நாடா? அப்ப இது யாரோட நாடு?" என்றார். நிலைமையைச் சமாளிக்கலாம் என்று நான், "உங்களுக்கு என்ன, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் கிடைக்குமே!" என்று சொல்லிவைத்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வட அயர்லாந்தின் லிஸ்பர்னைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் தோழி மட்டும் வாய்க்குள் சிரித்தாள். சண்டை கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட்டுக்கும்தான் என்றல்லவா படித்திருக்கிறோம்? இவர்கள் இரண்டு பேருக்குள் என்ன? அடுத்த மாதம் டீம் அவுட்டிங் பெல்ஃபாஸ்டுக்கு. அதற்குள் இருவரையும் உட்காரவைத்துப் பேசிச் சமாதானம் செய்யலாமா? - ஒரு வாசகி, டப்ளின்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நூறு வருடத்துக் கணக்கு அது. கான்ஃபரன்ஸ் ரூமில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் தீராது. தவிர, இவர்கள் இருவரும் உங்களைவிடப் பல வருடமாக ஒருவரையொருவர் சகித்துப் பழகியவர்கள். சாயங்காலம் ஒரே பப்பில் உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் அவர் ஏன் எழுந்து போனார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் சமாதானமாகச் சொன்ன வார்த்தைதான் டீம் லீட் சொன்னதைவிட அதிகமாகச் சுட்டிருக்கும். உங்கள் லீட் அவரை வேறு நாட்டுக்காரர் என்றார், நீங்கள் அந்த நாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள்.

நாம் வெளியிலிருந்து படித்ததெல்லாம் குண்டு, துப்பாக்கி, கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட். அந்தச் சண்டையைப் பற்றிப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. வடக்கத்தி ஐரிஷ்காரருக்கும் தெற்கத்தி ஐரிஷ்காரருக்கும் இடையே இருக்கும் மனத்தாங்கலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அது வெறுப்பு அல்ல. பாகப்பிரிவினையில் ஒரு தம்பியை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, மற்றவர்கள் புது வீடு கட்டிக் குடியேறியது போன்ற கதை. புது வீட்டுக்காரர்கள் பண்டிகைக்குப் பண்டிகை "தம்பியும் நம்ம வீட்டுப் பிள்ளைதான்" என்பார்கள். தம்பி கதவைத் தட்டும்போது மட்டும் திறக்கக் கொஞ்சம் நேரமாகும்.

1921 மே மாதம் தீவு இரண்டானது. வடக்கே உள்ள அல்ஸ்டர் மாகாணத்தின் ஒன்பது கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், ஆறு பிரிட்டனோடு நின்றன. டோனகல், கேவன், மோனகன் மூன்றும் தெற்கோடு வந்தன. தீவின் வடகோடியான மாலின் ஹெட் இருப்பது டோனகலில். அதாவது அயர்லாந்தின் ஆக வடக்கான முனை 'தெற்கில்' இருக்கிறது! அந்த ஊரில் திசையெல்லாம் அரசியல். அதே வருடம் டிசம்பரில் தெற்குக்குத் தன்னாட்சி தரும் ஒப்பந்தம் லண்டனில் கையெழுத்தாகி, டப்ளினில் அதன் மேல் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் உள்நாட்டுப் போரே மூண்டது. அந்த விவாதத்தில் பெரும்பங்கு பிரிட்டிஷ் அரசருக்கு எடுக்க வேண்டிய உறுதிமொழியைப் பற்றியதுதான். வடக்கில் மாட்டிக்கொண்ட கத்தோலிக்கர்களின் கதி அதில் சிறுபகுதி. எல்லையைத் திருத்த ஒரு கமிஷன் வரும், டெரி நம் பக்கம் வந்துவிடும் என்று அங்கிருந்தவர்கள் காத்திருந்தார்கள். 1925-ல் கமிஷன் குலைந்தது. எல்லை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று டப்ளின் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, பிரிட்டனின் பொதுக்கடனில் தன் பங்கைக் கட்ட வேண்டாம் என்ற சலுகை அதற்குக் கிடைத்தது. உங்கள் சீனியரின் கொள்ளுத்தாத்தா காலத்துச் சங்கதி. வடக்கில் இன்னும் மறக்கவில்லை.

பிறகு டெரி. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆனால் வார்டு எல்லைகளைக் கோணல்மாணலாக வரைந்து, பல பத்தாண்டுகள் நகரசபையை, பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். வீடு ஒதுக்குவது நகரசபை. வீடு இருந்தால்தான் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு. புரிகிறதா? இரண்டும் சேர்ந்து எப்படிக் கழுத்தை இறுக்கும் என்று பாருங்கள். 1969 ஆகஸ்டில் அந்த ஊரின் பாக்சைடு பகுதியில் கத்தோலிக்கருக்கும் போலீசுக்கும் மூன்று நாள் தெருச்சண்டை. அப்போது தெற்கின் பிரதமர் ஜாக் லிஞ்ச், இனியும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்ற பொருள்பட டிவியில் பேசினார். டெரிக்காரர்கள் ஐரிஷ் ராணுவம் வரப்போகிறது என்று நம்பினார்கள். வந்தது ராணுவத்தின் கள மருத்துவமனைகள், அதுவும் எல்லைக்கு இந்தப் பக்கம். ராணுவம் தாண்டியிருந்தால் ரத்த ஆறு ஓடியிருக்கும், லிஞ்ச் செய்ததே சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பாக்சைடில் கல்லோடு நின்றவனுக்கு அது ஆறுதல் ஆகாது. ஜாக் லிஞ்ச் எந்த ஊர்க்காரர் தெரியுமா? கார்க்! உங்கள் லீட் சிரித்துக்கொண்டே "உங்க நாட்டுல" என்றபோது, டெரிக்காரர் காதில் எத்தனை குரல்கள் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உடனே லீட்டை வில்லனாக்கிவிடாதீர்கள். தெற்கத்திக்காரருக்கும் நியாயம் உண்டு. 1974 மே 17 அன்று மாலை, வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில் டப்ளினில் மூன்று கார் குண்டுகள், மோனகனில் ஒன்று. 33 பேர் செத்தார்கள். அந்தக் கலவர காலம் முழுவதிலும் ஒரே நாளில் விழுந்த ஆகப் பெரிய சாவு அதுதான். குண்டு வைத்தது வடக்கிலிருந்து வந்த லாயலிஸ்ட், அதாவது பிரிட்டிஷ் ஆதரவு, ஆயுதக் குழு. இன்றுவரை ஒருவர் மேலும் வழக்கு இல்லை. இன்னொரு பக்கம், தீவை ஒன்றாக்க ஆயுதம் எடுத்த ஐஆர்ஏ, எங்கள் பெயரைச் சொல்லி யார் யாரையோ கொல்கிறதே என்ற கூச்சம் தெற்கில் பலருக்கு. இந்த நெருப்பு இங்கே பரவிவிடக் கூடாது என்ற பயத்தில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஐஆர்ஏவோடு நெருக்கமான சின் ஃபெயின் கட்சிக்காரர் குரல் ரேடியோவில், டிவியில் கேட்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. 1994-ல்தான் அது விலகியது. வடக்கத்தி உச்சரிப்பு காதில் விழுந்தாலே சற்றுத் தள்ளி நிற்கும் பழக்கம் அப்படி வந்தது. 'நார்டி' என்ற கேலிப்பெயரும் அந்த வகைதான். பதிலுக்கு அவர்கள் 'ஃப்ரீ ஸ்டேட்டர்' என்பார்கள், பிரிந்தபோது தெற்கு வைத்துக்கொண்ட 'ஃப்ரீ ஸ்டேட்' என்ற பெயரிலிருந்து வந்தது. பேர் என்னவோ சாதுவாக இருக்கும், உள்ளர்த்தம் 'எங்களை விட்டுட்டுப் போனவனே' என்பதுதான். நீங்கள் இரண்டையும் வாயிலேயே எடுக்க வேண்டாம். அவர்கள் ஒருவரையொருவர் சொல்லிக்கொள்ளலாம், நமக்கு அந்த உரிமை இல்லை.

அரசியலைவிட, நூறு வருடம் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தியதுதான் இன்றைக்கு அதிகம் உறுத்துகிறது என்பது என் கணிப்பு. டண்டாக் தாண்டி நியூரி பக்கம் காரில் போனால் செக்போஸ்ட் எதுவும் கிடையாது. சாலையோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாகும், வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாகும், கைபேசி ஒரு தரம் சிணுங்கும், அவ்வளவுதான் எல்லை. அதைத் தாண்டினால் தபால்பெட்டி சிவப்பு, இந்தப் பக்கம் பச்சை. டப்ளினில் சில பழைய பெட்டிகளில் பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் பிரிட்டிஷ் அரசரின் முத்திரை இன்னும் புடைத்துக்கொண்டு தெரியும், கவனித்திருக்கிறீர்களா? அங்கே டாக்டரைப் பார்க்கக் காசு வேண்டாம், இங்கே உங்களுக்கே தெரியும், 50, 60 யூரோ போய்விடும். பாடத்திட்டம் வேறு, பரீட்சை வேறு, பார்த்து வளர்ந்த டிவி வேறு. டப்ளின்வாசி கோடைக்கு ஸ்பெயின் போவார், இரண்டு மணி நேரத்தில் இருக்கும் பெல்ஃபாஸ்டை எட்டியே பார்த்திருக்க மாட்டார். டெரிக்காரரோ தன்னைப் பிறவி ஐரிஷ் என்று நினைத்து வளர்ந்து, வேலைக்கு டப்ளின் வந்த பிறகு "ஓ, நீ வடக்கா?" என்ற கேள்வியைத் தினம் சந்திப்பார்.

இதில் வேடிக்கை, அரசாங்கமும் அதையே செய்கிறது. பெல்ஃபாஸ்டில் பிறந்த மேரி மெக்அலீஸ் 1997 முதல் 2011 வரை அயர்லாந்தின் ஜனாதிபதி. அவர் வளர்ந்த தெருக்காரர்களுக்கு, ஐரிஷ் பாஸ்போர்ட் கையில் இருந்தும், அவருக்கு ஓட்டுப்போட வழியில்லை. இன்றைக்கும் அப்படித்தான். உங்கள் சீனியர் டப்ளினில் குடியிருப்பதால் ஓட்டுப் போடுவார். டெரியில் இருக்கும் அவர் அம்மா போட முடியாது.

பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். கலவர காலத்தை முடித்துவைத்த 1998 சமாதான ஒப்பந்தப்படி, வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்று சொல்லிக்கொள்ளலாம், பிரிட்டிஷ் என்றும் சொல்லலாம், இரண்டும் என்றும் சொல்லலாம். நீங்கள் சொன்னது சட்டப்படி சரியே. அந்த உரிமையின் உயிரே தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இன்னொன்றை நீங்கள் அவர் பையில் போடப் பார்த்தீர்கள். பெரிய குற்றமில்லை. காபி எடுக்கப் போகும்போது, "அன்னைக்குப் பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது, விவரம் தெரியாமல் சொல்லிட்டேன், சாரி" என்று ஒரு வரி போதும். நீளமாக விளக்காதீர்கள், ஐரிஷ்காரர்களுக்கு நீண்ட மன்னிப்பு என்றால் வியர்த்துவிடும். பதிலுக்கு அவர் ஏதாவது கிண்டலடித்தால் விஷயம் முடிந்தது என்று பொருள்.

லிஸ்பர்ன் தோழியின் சிரிப்பை நான் ரசித்தேன். அவளுக்கு இது இலவச நாடகம். 'ஒரே தீவு, ஒரே மக்கள்' என்று காலமெல்லாம் கேட்டவள், அந்த ஒரே மக்கள் சாப்பாட்டு மேஜையில் முறைத்துக்கொள்வதைப் பார்த்தால் சிரிக்கத்தானே செய்வாள். அவளிடமும் ஒரு கவனம் தேவை. "நீயும் ஐரிஷ்தானே" என்று அன்பாகக்கூடச் சொல்லிவிடாதீர்கள். பிரிட்டிஷ் என்பாளோ, வட அயர்லாந்துக்காரி என்பாளோ, அவள் வாயால் வரட்டும். 2021 கணக்கெடுப்பில் வட அயர்லாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், பிரிட்டிஷும் வேண்டாம் ஐரிஷும் வேண்டாம் என்று 'நார்தர்ன் ஐரிஷ்' என மட்டும் பதிந்திருக்கிறார்கள்.

தீவு ஒன்றாகுமா என்ற பேச்சு இப்போது அடிக்கடி அடிபடும். கேண்டீனில் அதில் கருத்துச் சொல்லாதீர்கள். தெற்கில் கேட்டால் பெரும்பாலோர் ஆகட்டும் என்பார்கள். வரி ஏறும், கொடி மாறும், தேசிய கீதம் மாறும் என்றதும் சுருதி இறங்கிவிடும். வடக்குக்கு லண்டன் வருடாவருடம் கோடிக்கணக்கில் பவுண்டு கொட்டுகிறது, அதை யார் தலையில் கட்டுவது என்று டப்ளினில் கவலை. இந்தக் கணக்குப் பேச்சும் டெரிக்காரருக்கு வலிக்கும். கூடப்பிறந்தவனைச் சேர்த்துக்கொள்ள எவ்வளவு செலவாகும் என்று விலை பேசுகிறார்களே என்று.

இருவரையும் ஒரே மேஜையில் சிரிக்கவைக்க வேண்டுமானால் அயர்லாந்துக்கே உரிய கேலிக் ஃபுட்பாலைத் தொடுங்கள். அந்த விளையாட்டுக்கு எல்லையே கிடையாது, வடக்குக் கவுண்டிகளும் தெற்குக் கவுண்டிகளும் ஒரே போட்டியில். 1993 ஆல் அயர்லாந்து இறுதிப் போட்டியில் டெரி முதல்முறையாகக் கோப்பை வென்றது. இன்றுவரை அதுதான் அவர்களுக்கு ஒரே ஒரு கோப்பை. மூன்று புள்ளி வித்தியாசத்தில் அன்று தோற்ற அணி கார்க். டெரிக்காரரிடம் அந்த மேட்சைப் பற்றி லீட் இருக்கும்போது கேளுங்கள், பிறகு நீங்கள் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

அவுட்டிங் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களிடம் பிரிட்டன் விசா இருக்கிறதா? செக்போஸ்ட் இல்லாததால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். எல்லை தாண்டிச் சும்மா போய்வரும் வசதி பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்குத்தான். இந்தியப் பாஸ்போர்ட்டோடு டப்ளினில் வேலை பெர்மிட்டில் இருப்பவருக்கு, அயர்லாந்தில் தங்க அனுமதிக்கும் ஐஆர்பி அட்டை இருந்தாலும், பெல்ஃபாஸ்ட் என்பது வேறு நாடு. பஸ்ஸிலும் ரயிலிலும் எப்போதாவது சோதனை நடக்கும். மாட்டினால் அடுத்த விசாவுக்கெல்லாம் தலைவலி. டோனகலின் லெட்டர்கென்னியில் வேலை பார்க்கும் நம் நாட்டு நர்ஸ்களைக் கேட்டுப்பாருங்கள், அரைமணி நேரத்தில் இருக்கும் டெரிக்குத் துணி எடுக்கப் போகக்கூட விசா பார்க்க வேண்டியிருக்கிறது.

விசிட்டர் விசாவுக்கு மூன்று வாரமாவது பிடிக்கும், இன்றைக்கே விண்ணப்பியுங்கள். லீட்டிடமும் சொல்லிவையுங்கள், அவருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமலிருக்கலாம். டெரிக்காரருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். விசா வராமல், டீம் திட்டத்தை மாற்றி டோனகல் போவதாக முடிவானால், பஸ் எந்த வழி என்று முதலில் விசாரியுங்கள். டப்ளினிலிருந்து லெட்டர்கென்னி போகும் நேர் பஸ் டைரோன் கவுண்டி வழியாகத்தான் போகும், அது வடக்கு. ஸ்லைகோ வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடித்தால், நேரம் கூடுதல்தான், ஆனால் எல்லையை மிதிக்காமல் போய்ச் சேரலாம்.

அன்புடன்,
அக்கா