காத்மாண்டுவில் உடம்புக்கு வந்தால்: டாக்டரிடம் கேளுங்கள்

காத்மாண்டுவில் வெளிநாட்டுப் பயணிகளையும், வேலைக்கு வந்து இங்கேயே குடியிருப்பவர்களையும் பார்க்கும் ஒரு கிளினிக்கில் டாக்டராக இருக்கிறேன். நேபாளம் வருகிறவர்கள் கேட்கலாம் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பழைய நோய் உள்ளவர்கள் மாத்திரை விஷயத்தை உங்கள் டாக்டரிடமும் பேசிவிடுங்கள்.

சேலம், மாணவர்: காத்மாண்டுவில் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லையே. வெளிநாட்டவருக்கு மட்டும் தனி கிளினிக் எதற்கு? பணக்காரர்களுக்கான ஏற்பாடா?

ஃபீஸ் அதிகம்தான், மறுக்க மாட்டேன். இங்கே இந்த வகையில் பெயர்பெற்ற சிவெக் கிளினிக் 1982-ல் தொடங்கியது. கனடாவின் நீர், மின்சக்தி ஆலோசகர் நிறுவனம் ஒன்றின் முதலெழுத்துகள்தான் அதன் பெயர். எங்களிடம் வருபவர்களின் நோய்கள் கொஞ்சம் வேறு மாதிரி: வந்த வாரமே வயிறு, மலையில் தலைவலி, கோயில் வாசலில் நாய்க்கடி. அப்புறம் காகித வேலை. இன்சூரன்ஸ்காரரிடம் பேசுவது, தூதரகத்துக்குச் சொல்வது, தேவைப்பட்டால் டெல்லிக்கோ பாங்காக்குக்கோ அனுப்பிவைப்பது. சாதாரணக் காய்ச்சலுக்கு நம் ஊரிலிருந்து வருபவர்கள் எங்களைத் தேடி வர வேண்டியதில்லை, நல்ல உள்ளூர் ஆஸ்பத்திரியே போதும்.

ஸ்ரீரங்கம்: அம்மாவுக்கு 71 வயது. சுகர், பிரஷர் உண்டு. சாளக்கிராமம் சேவிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. முக்திநாத் அழைத்துப் போகலாமா?

போகலாம், அவசரப்படாமல். போக்ரா சுமார் 800 மீட்டர் உயரம். அங்கிருந்து 20 நிமிட விமானத்தில் ஜோம்சோம், 2,700 மீட்டர். பிறகு ஜீப்பில் முக்திநாத், 3,700-க்கு மேல். காலையில் போக்ராவில் காபி குடித்தவர் மதியத்துக்குள் மூவாயிரம் மீட்டர் ஏறிவிடுகிறார். உடம்புக்கு இது தெரியாமல் இருக்குமா?

முக்கியமாகப் பார்க்க வேண்டியது ராத்திரி தூங்கும் உயரம். சேவித்துவிட்டு அன்றே ஜோம்சோமுக்கு இறங்கித் தூங்கும் பயணத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். போக்ராவிலிருந்து ஒரே நாளில் ஏறி, கோயிலுக்குக் கீழே ராணிபௌவாவில் தங்கும் திட்டத்தை நான் என் அம்மாவுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலே போவதற்கு முந்தைய ராத்திரியும் ஜோம்சோமிலோ பக்கத்து மார்ஃபாவிலோ தங்கினால் இன்னும் நல்லது.

பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சுகர் பார்க்கும் மெஷின் குளிரில் வேலை செய்யாமல் போகும், இன்சுலின் உறைந்தால் வீண். இரண்டையும் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். கோயிலின் 108 நீர்த்தாரைகளிலும் நனைய வேண்டும் என்று அம்மா அடம்பிடிப்பார். அது பனி உருகிய தண்ணீர். இதய நோய் இருந்தால் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். குதிகாலும் விரலும் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் மூளையில் வீக்கம் என்றே எடுத்துக்கொண்டு அப்போதே கீழே இறக்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் அப்படியே.

கோவை: கைலாஷ் யாத்திரைக் குழுவில் டயமாக்ஸ் என்ற மலை உயர நோய்த் தடுப்பு மாத்திரை தருகிறார்கள். அது நோயை மறைத்துவிடும் என்கிறார் நண்பர். சாப்பிடலாமா?

மறைக்காது. மூச்சை ஆழப்படுத்தி, உடம்பு உயரத்துக்குப் பழகுவதை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆனால் மாத்திரை இருக்கிறதே என்று அட்டவணையை நெருக்கினால் பலன் இல்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு ராத்திரிக்கும் அடுத்ததற்கும் 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் சிமிகோட், ஹில்சா என்று எல்லைப்பக்க ஊர்களுக்குத் தாவி, 4,590 மீட்டர் மானசரோவருக்குப் போகும் குழுக்களில் இந்தக் கணக்கு தவறிவிடுகிறது. எவரெஸ்ட் பாதையில் நடக்கும் இளைஞர்களைவிட இந்த யாத்ரீகர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒருவர் நின்றால் குழுவே நிற்க வேண்டும் என்ற சங்கடத்தில் தலைவலியை வெளியே சொல்வதே இல்லை. கிளம்புமுன் ஏஜென்ட்டிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒருவர் திரும்பினால் கூட யார் வருவார்? பதில் இல்லையென்றால் வேறு குழுவைப் பாருங்கள்.

காத்மாண்டுவில் வேலை செய்யும் தஞ்சாவூர்க்காரர்: எட்டு மாதமாக இங்கே இருக்கிறேன். மாதம் தவறாமல் வயிறு கெடுகிறது. பழகிவிடும் என்கிறார்களே, எப்போது?

சீக்கிரம் பழகாது தம்பி. காத்மாண்டுவில் குடியேறிய வெளிநாட்டவரை வைத்துச் செய்து 1999-ல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வருடம் வரை இந்த ஆபத்து குறையவில்லை என்று காட்டியது. வெளியே சாப்பிடுவதைக் குறைப்பதுதான் வழி. பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் இங்கே பலமுறை வேலை செய்வதில்லை, அதனால் அஸித்ரோமைசின் தருகிறோம்.

மே முதல் மழைக்காலம் வரை இன்னொன்றும் உண்டு: சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணி. வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வாரக்கணக்கில் இழுக்கும், சாப்பாடே பிடிக்காது, படியேறினால் களைப்பு. 1989-ல் இங்குள்ள வெளிநாட்டவரிடம் இதைப் பார்த்தபோது பாசியா, ஒட்டுண்ணியா என்றே தெளிவில்லை. 1993-ல்தான் பெயர் கிடைத்தது. 1995-ல் காத்மாண்டுவில் நடந்த சோதனையில்தான் கோ-ட்ரைமாக்ஸசோல் கேட்கும் என்று நிரூபணமானது, நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் அதே பழைய மாத்திரை. குளோரினுக்கும் அயோடினுக்கும் இந்தக் கிருமி அசையாது, கொதிக்க வைத்தால் சாகும். பச்சைக் கீரையும் சாலடும் அந்த மாதங்களில் வேண்டாம். மல பரிசோதனைக்குக் கொடுக்கும்போது சைக்ளோஸ்போராவையும் பார்க்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பல லேப்களில் தேட மாட்டார்கள்.

அவரே: காய்ச்சலுக்கு வைடால் ரத்தப் பரிசோதனை எடுத்தேன், பாசிட்டிவ், டைபாய்டு என்றார்கள். தடுப்பூசி போட்டிருக்கிறேனே?

வைடாலை நான் நம்புவதில்லை. மருந்து தொடங்குமுன் இரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுங்கள். அப்புறம், இங்கே டைபாய்டு போலவே வரும் பாராடைபாய்டும் உண்டு, உங்கள் ஊசி அதைத் தடுக்காது.

சென்னை: பசுபதிநாத்தில் குரங்கு கீறிவிட்டது. லேசாகத்தான் ரத்தம். சென்னை வந்து பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. குழாயடியில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி. முன்பு ரேபிஸ் ஊசி போடாதவர் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்து) போட வேண்டும். அது எல்லா இடத்திலும் இருப்பதில்லை, போனில் கேட்டுவிட்டுப் போங்கள். மீதி ஊசிகளைச் சென்னையில் தொடரலாம், சீட்டைப் பத்திரமாக வையுங்கள். முன்கூட்டியே ஊசி போட்டவருக்கு இரண்டு டோஸ் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. இங்கேயே தங்கப் போகிறவர்கள் குழந்தைகளுக்கு அந்த முன்கூட்டிய ரேபிஸ் ஊசியைப் போட்டுக்கொண்டு வருவது நல்லது.

கணவரோடு குடிவரப் போகும் ஒருவர்: ஐந்து மாதக் கர்ப்பம். தண்ணீர் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஹெபடைட்டிஸ் இ, தண்ணீரில் பரவும் கல்லீரல் தொற்று. கடைசி மூன்று மாதத்தில் வந்தால் உயிருக்கே ஆபத்து, இங்கே சுலபமாகக் கிடைக்கும் தடுப்பூசியும் இல்லை. குடிக்க, பல் துலக்க எல்லாவற்றுக்கும் கொதித்து ஆறிய தண்ணீர்தான். காத்மாண்டுவில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூடே போதும். முடிந்தால் பிரசவம் முடிந்து வாருங்கள் அம்மா.

பெங்களூரு: மலையில் மீட்பு ஹெலிகாப்டர் மோசடி நடக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2018-ல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. லேசான தலைவலிக்காரரைப் பயமுறுத்தி ஏற்றிவிடுவார்கள், பில் இன்சூரன்ஸுக்குப் போகும், கமிஷன் பலருக்கும் போகும். இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு, நிஜமாகவே ஹெலிகாப்டர் தேவைப்படுபவர் தயங்குகிறார், அதுதான் எனக்கு எரிச்சல். நடக்க முடிந்தால் நடந்து இறங்குங்கள். முடியாவிட்டால் இன்சூரன்ஸ் அவசர எண்ணை நீங்களே கூப்பிடுங்கள், கைடு கூப்பிட வேண்டாம். பாலிசியில் எத்தனை மீட்டர் உயரம் வரை என்று போட்டிருக்கும், அதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.