பதில்: குழாய் போட்டு அனுப்பிவிட்டார்கள், பித்தப்பைக் கல் அப்படியே இருக்கிறதே?

இதயம் பலவீனம், அறுவை சிகிச்சைக்கான முழு மயக்கம் தாங்காது என்று அப்பாவுக்கு விலா ஓரம் பித்தப்பைக்குள் குழாய் மட்டும் போட்டு அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாதியில் விட்ட வைத்தியம் இல்லை. அடைபட்ட பித்தப்பையில் தேங்கியது வெளியேறினால்தான் தொற்று அடங்கும். கல்லை அப்புறம் பார்க்கலாம்.

இப்போது முக்கியம் குழாய்தான். தோலிலிருந்து பித்தப்பை வரை அந்தப் பாதை கெட்டிப்பட 3 முதல் 6 வாரம் பிடிக்கும். அதற்குள் உருவிக்கொண்டால் பித்தம் வயிற்றுக்குள் கசியும். தூங்கும்போது புரள்வதும் குழாயில் மாட்டிய, பித்தம் சேரும் பை எதிலாவது சிக்கி இழுபடுவதும்தான் வழக்கமான காரணம். குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோடு விலகித் தெரிந்தால் குழாய் நழுவுகிறது. குழாய் அடைக்காமலிருக்கச் சலைன் (உப்புநீர்) செலுத்தச் சொல்லியிருந்தால், பெரும்பாலும் 5 முதல் 10 மி.லி., மெதுவாக. இறுக்கமாக இருந்தால் அழுத்தவே வேண்டாம்.

குழாயை எடுக்குமுன் சாயம் செலுத்தி எக்ஸ்ரே பார்த்தார்களா என்று கேளுங்கள். பித்தப்பையிலிருந்து வெளியேறும் நாளம் திறந்திருந்தால் எடுக்கலாம், ஆனால் கல் இருக்கும்வரை மறுபடி அடைக்க வாய்ப்புண்டு. அதே பாதையை அகலப்படுத்தி, மெல்லிய ஸ்கோப் (கேமரா குழாய்) விட்டு, லேசரால் கல்லை உடைத்து எடுக்க முடியும்; அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, லேசான மயக்கத்திலேயே பலருக்குச் செய்கிறார்கள். எண்டோஸ்கோப்பி வழியாகக் குடலுக்கும் பித்தப்பைக்கும் இடையே ஸ்டென்ட் (உள்ளேயே இருக்கும் சிறு குழாய்) வைப்பது இன்னொரு வழி, வெளிக்குழாயே தேவைப்படாது. இரண்டையும் பற்றி இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் பார்த்தபடி குழாய் போடும் மருத்துவர்), இரைப்பைக் குடல் நிபுணர் இருவரிடமும் கேளுங்கள்.

குளிர்காய்ச்சல், கண் மஞ்சளாதல், குழாயில் பித்தம் வடிவது திடீரென நிற்பது, வயிற்றுவலி: எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.