கேளுங்கள்: கேமரா அப்புறம் வாங்கலாம்

கேள்வி: தெருக்கூத்து, பம்பை, பறை என்று நாலைந்து ஜமாக்காரர்கள் சேர்ந்து, உள்ளூர்க் கலைஞர்களுக்காக ஒரு பொது டிஜிட்டல் கூடம் அமைக்கப் பார்க்கிறோம். பழைய ரேஷன் கடைக் கட்டடம் கிடைத்திருக்கிறது. கையில் ஒரு லட்சம். எல்லோரும் முதலில் நல்ல கேமரா வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், செய்யாறு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். படத்துக்கு உங்கள் பையன்களின் செல்போனே போதும். கூத்தில் பாதிக்கு மேல் காதுக்கானது, காசும் அங்கேதான் போக வேண்டும்.

நான் முதன்முதலில் ஒரு பாரதக் கூத்தைப் பதிவு செய்யப் போனபோது, களரி கட்டும் நேரத்தில், அதாவது கூத்துத் தொடங்கும் முன் வாத்தியங்கள் முழங்கும்போது, மத்தளத்தை வைத்துப் பதிவின் ஒலி அளவைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பிறகு கீச்சென்று ஒலிக்கும் ஊதுகுழலான முகவீணை சேர்ந்தது. விடிய விடியப் பதிவானதில் அது வரும் இடமெல்லாம் தகரத்தைச் சுரண்டினாற்போல் கரகரப்பு. டிஜிட்டலில் ஒலி உச்ச எல்லையான பூஜ்யம் டெசிபலைத் தொட்டால் அதற்கு மேல் வெட்டுப்பட்டுவிடும், அதை முழுதாக மீட்க முடியாது. ஆகவே சத்தம் உச்சத்துக்குப் போகும்போதும் பதிவுக் கருவியின் மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டியே நிற்கும்படி வையுங்கள். இன்னொரு மைக் திரைப் பக்கம் இருக்கட்டும். வேஷக்காரர் முகம் காட்டாமல் பாடும் திரை விருத்தம், முன்னால் உள்ள மைக்கில் மத்தளத்துக்குள் அமுங்கிப்போகும்.

ஒலியைச் சுருக்கித் தரத்தைக் குறைக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே பதியுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் மணிக்கு 1 ஜிபி சொச்சம். எட்டு மணி நேரக் கூத்துக்கு எட்டரை ஜிபிகூட ஆகாது. ஹார்ட் டிஸ்க் இரண்டாக வாங்கி, ஒன்றைக் கூடத்திலும் மற்றதைக் கூத்து வாத்தியார் வீட்டு பீரோவிலும் வையுங்கள்.

கணினிக்குச் செலவு செய்யாதீர்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் 2000-ல் திறந்த ஆக்சஸ் ஸ்பேஸ் என்ற கூடம், மற்றவர்கள் கழித்துப்போட்ட கணினிகளைச் சரிசெய்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத்தான் கலைஞர்களுக்குக் கொடுத்தது. ஒலியை வெட்டி ஒட்ட உதவும் ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

ரேஷன் கடை என்றால் ஷட்டர் இருக்குமே! காற்றடித்தால் அதுவும் சேர்ந்து தாளம் போடும். உள்பக்கம் கனமான ஜமுக்காளங்களைத் தொங்கவிடுங்கள். பதிவு நேரத்தில் ஃபேன் கூடாது. சண்டை வந்தால் இதற்குத்தான் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படிப் பதிந்ததை யூடியூபில் போட்டால் உரிமை யாருக்கு?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: பதிவு செய்தவர் கையில் கோப்பு இருக்கிறது என்பதற்காக எல்லாம் அவருடையது ஆகிவிடாது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ம் பிரிவு, ஆடுபவர், பாடுபவர், வாசிப்பவர் அத்தனை பேருக்கும் நிகழ்த்துநர் உரிமை தருகிறது. 50 ஆண்டுகளுக்கு அது செல்லும். எதற்காகப் பதிகிறோம், வலையில் போடலாமா, பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அரிதாரம் பூசும் முன்னாலேயே வாங்குங்கள். பூசிய பிறகு நீட்டினால், என் கோப்பில் இருப்பதுபோல் தாளெல்லாம் சிவப்புக் கைரேகைதான் மிஞ்சும்.