மாசிப் பனியும் கமராவும்

வணக்கம்.

அப்பாவின் ஊர் இலங்கையின் வன்னியில், வவுனிக்குளத்துப் பக்கம். நான் வளர்ந்தது கனடாவில், ஸ்காபரோவில். குளிர்காலக் கடைசியில் இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிப்பதில் அங்கே ஓரளவு பழக்கம் உண்டு: ஸ்னோவில் விழும் நீல நிழல், இலையில்லாத மேப்பிள், பாதி உருகிய ஆறு. இப்போது பெப்ரவரி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். காலைச் சாப்பாடு முடித்துப் பத்து மணிக்குக் கமராவோடு இறங்கினால் எல்லாமே வெளிறிப்போய் வருகிறது. மலையும் இல்லை, தட்டை நிலம். கொக்கைப் பிடித்தால் வெறும் வெள்ளைதான் தெரிகிறது, இறகைக் காணோம். வன்னியில் குளிர்காலம் என்று ஒன்று படத்தில் வருமா, இல்லை நான் சும்மா மினக்கெடுகிறேனா? எந்த லென்ஸ் நல்லது என்றும் சொல்லுங்கள்.

ந.

அன்புள்ள ந.,

இடத்தில் பிழையில்லை, நேரத்தில்தான். பெப்ரவரி நடுவில் ஸ்காபரோவில் உச்சி வெயிலே அடிவானிலிருந்து 33 பாகை அளவுக்குத்தான் ஏறும். நாள் முழுக்கச் சாய்ந்த வெயில், எப்போது போனாலும் நிழல் நீளமாய்க் கிடக்கும். வன்னி 9 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. அதே நாளில் இங்கே மத்தியானச் சூரியன் 68 பாகைக்குப் போய்விடும். அதுவும் சரிந்து சரிந்து ஏறாது, கிட்டத்தட்ட நேரே எழும்பும். ஆறரைக்கு உதித்தால் எட்டு மணியோடு உங்களுக்கு வேண்டிய வெளிச்சம் முடிந்தது. பின்னேரம் ஐந்துக்குப் பிறகு இன்னொரு தரம் கொஞ்சம் கிடைக்கும். இடையில் சாப்பிட்டு நித்திரை கொள்ளுங்கள், நான் அதைத்தான் செய்கிறேன்.

அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள்தான் வன்னியின் குளிர்காலம் இருக்கிறது. மாசிப் பனி மூசிப் பெய்யும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். மழை ஓய்ந்து, வானம் வெளித்து, காற்றும் விழுந்த இரவில் நிலம் தன் சூட்டைக் கெதியாக விட்டுவிடும். குளத்து நீர் அவ்வளவு கெதியில் ஆறாது. விடியப்புறம் குளிர்ந்த காற்று அந்த நீரின்மேல் வர ஆவி எழும்பும், வயலில் இடுப்பளவுக்குப் புகார், அதாவது மூடுபனி, கிடக்கும். தட்டை நிலம் என்று கவலைப்பட்டீர்களே, மலை செய்யும் வேலையைப் புகார் செய்துவிடும். கிட்ட இருக்கும் புல் கறுப்பு, அடுத்த வரம்பு சாம்பல், தூரத்துக் காடு அதைவிட மங்கல் என்று அடுக்கடுக்காக வரும். வெயில் கொஞ்சம் ஏறியதும் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே தளமாகிவிடும்.

எங்கே நிற்பது? வருகிறவர்கள் எல்லாரும் குளக்கட்டில் ஏறி நின்று பிடிக்கிறார்கள். எனக்கு அது சலித்துவிட்டது. மறுபக்கம் போய் அலைகரையில், கட்டில்லாத குளத்தோரத்தில், இறங்குங்கள். தண்ணீர் பின்வாங்கத் தொடங்கிய சேற்றில் வரிவரியாகக் கோடு விழுந்திருக்கும். எருமை மிதித்த குழிகளில் தேங்கிய நீரில் வானத்துச் சிவப்பு தெரியும். புல்லில் சிலந்தி வலைகள் பனித்துளியோடு தொய்ந்து நிற்கும். கமராவைப் புல்லின் உயரத்துக்கு இறக்கி, சூரியனைப் பார்த்தபடி, பின்னால் இருண்ட மரநிழல் வருமாறு வைத்துப் பிடித்தால் ஒவ்வொரு துளியும் தனியாகத் தெரியும். மழை பிந்திய வருசங்களில் மாசியிலும் குளம் வான்மட்டத்தில், நிரம்பி வழியும் அளவில், நிற்கும், அப்போது இந்தச் சேற்றுக் கோடுகள் கிடைக்காது.

இலையில்லாத மரம் வேண்டுமென்றால் பாலையிலும் வீரையிலும் தேடாதீர்கள், அவை உதிர்ப்பதில்லை. வேலியோர முள்முருக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாய்ப் பூத்து நிற்கும். குளத்துக்குள் நிற்கும் பட்ட மரங்களும் உண்டு, வெயில் படத் தொடங்கியதும் நீர்க்காகங்கள் அதிலேறிச் சிறகை விரித்துக் காயவிடும்.

இனிக் கொக்கு. ஸ்னோவைக் கமரா சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் அங்கே வெளிச்ச அளவை ஒன்றோ ஒன்றரையோ ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் இரட்டிப்பு வெளிச்சம்) கூட்டிப் பழகியிருப்பீர்கள். இங்கே கதை தலைகீழ். பின்னால் இருண்ட காடு, கமரா அந்த இருட்டை வெளுப்பாக்கப் போக, கொக்கின் இறகு எரிந்துபோகிறது. ஒரு ஸ்டொப் குறையுங்கள். அதேபோல அங்கே குளிரிலிருந்து வீட்டுக்குள் வரும்போது லென்ஸில் புகார் பிடிக்கும், இங்கே ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது பிடிக்கும். விடிய எழும்பியவுடன் பையை வெளி விறாந்தையில் வைத்துவிட்டுப் பிறகு முகம் கழுவுங்கள்.

காலபோக, அதாவது மாரிகால நெல், அறுவடையும் இதே நாட்களில்தான். வெட்டு மெசின் கிட்டப் போய் லென்ஸ் மாற்ற வேண்டாம், உமித்தூசி உள்ளே போனால் எடுப்பது பெரும்பாடு. றோட்டோரம் நெல் காயப்போட்டிருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். அநேகமாகத் தேத்தண்ணியும் கிடைக்கும்.

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை, முகமாலைப் பக்கத்தை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். பலகை இல்லையென்றாலும் ஆட்கள் நாளாந்தம் நடக்கும் பாதையை விட்டு, நல்ல கோணம் என்று பற்றைக்குள் இறங்க வேண்டாம். “அந்தப் பக்கம் போகாதேங்கோ தம்பி” என்று ஊரார் ஒருவர் சொன்னால் காரணம் கேட்டு வாதாடாதீர்கள். யானைக்காகவும் சொல்லியிருப்பார்கள், பொழுதுபட்டால் அவை தண்ணீருக்கு வரும். இராணுவ முகாம் எதுவும் படத்தில் விழக்கூடாது. ட்ரோன் கொண்டுவந்திருந்தால் சிவில் விமான அதிகாரசபையின் விதிகளைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

லென்ஸ் விசயம் சின்னது. அகலக் கோண லென்ஸ் அலைகரைக்கு மட்டும் போதும். புகாருக்கும் காட்டுக்கும் 70–200 மி.மீ. லென்ஸ் இருந்தால் நல்லது, அடுக்குகளை அதுதான் ஒன்றோடொன்று நெருக்கிக் காட்டும். தூரத்துப் பறவைக்கு 400 மி.மீ. அளவில் ஒன்று கையில் இருந்தால் வங்காலைக்குப் போங்கள். மன்னார்ப் பக்கம், 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். பூநாரையும் ஊசிவால் வாத்தும் அங்கே வரும். அதைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளாதீர்கள், வாத்துகள் மார்ச்சிலேயே வடக்கே கிளம்பத் தொடங்கிவிடும்.