மரபுவரிசை மரத்தில் கொரில்லா ஏன் தென்படவில்லை?

மனிதரில் மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் ஒரு கொரில்லா ஒட்டுண்ணியிலிருந்து தோன்றியது என்று படித்திருந்தும், நீங்கள் வரைந்த மரபுவரிசை மரத்தில் (இனங்களின் உறவைக் காட்டும் கிளைப்படத்தில்) சிம்பன்சியின் ஒட்டுண்ணியான ரெய்க்கெனோவியே அதற்கு மிக நெருங்கிய உறவாக வருவது முரண்பாடு அல்ல. கொரில்லா ஒட்டுண்ணிகளின் டிஎன்ஏ வரிசைகளை நீங்கள் சேர்க்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். 2010 வரை ஆய்வாளர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அவ்வாண்டில் ஆப்பிரிக்கக் காட்டு மனிதக்குரங்குகளின் சாண மாதிரிகளை ஆராய்ந்த பிறகே, மனிதரிடம் காணப்படும் ஃபால்சிபாரம் அனைத்தும் கொரில்லா ஒட்டுண்ணிகளின் பன்முகத்தன்மைக்குள் ஒரு சிறு கிளையாக அடங்குவது புலப்பட்டது.

சரிபார்க்க, பிரேஃபால்சிபாரம் என்னும் கொரில்லா ஒட்டுண்ணி இனத்தின் மைட்டோகாண்ட்ரியா வரிசைகளைச் சேர்த்து மரத்தை மீண்டும் வரையுங்கள். ஃபால்சிபாரம் அவற்றோடு சேர்ந்து, ரெய்க்கெனோவி வெளியே நிற்க வேண்டும். மனித மாதிரிகள் ஒன்றுக்கொன்று மிகக் குறைவாகவே வேறுபடுவதையும் காண்பீர்கள்; ஒட்டுண்ணியின் எண்ணிக்கை ஒரு காலத்தில் கடுமையாகச் சுருங்கியதன் தடம் அது.

ஒரே மரபணுவை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். குறிப்பாக, சிவப்பணுவுக்குள் நுழைய உதவும் ஆர்எச்5 மரபணு அமைந்துள்ள நான்காம் குரோமோசோம் பகுதி, அட்லரி என்னும் வேறொரு கொரில்லா ஒட்டுண்ணி இனத்தின் மூதாதையிடமிருந்து இடம்பெயர்ந்து வந்தது என்பதால், அதைக் கொண்டு வரையும் மரம் இனங்களின் உறவைக் காட்டாமல் அந்தத் துண்டின் வரலாற்றையே காட்டும்.